வாடகை பாக்கி வைத்தவரைச் சட்டப்படி வீட்டைவிட்டு வெளியேற்றுவது எப்படி? செந்தூல் வீட்டுக்காரர் ஒருவருக்குப் பதில்

படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்பதற்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் உங்களுக்குச் சொந்தமான அடுக்குமாடி வீட்டை மாதம் 1,400 வெள்ளி வாடகைக்கு, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்துக்கு விட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. மார்ச் வாடகை வரவில்லை. ஏப்ரலில் 600 வெள்ளி மட்டும் வந்தது. மே, ஜூன் இரண்டுக்கும் ஒன்றுமில்லை. கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் கண்டிப்பா போட்டுடுறேன் அண்ணே" என்ற பதில்தான் கிடைக்கிறது. பூட்டை மாற்றிவிடலாமா, மின்சாரத்தைத் துண்டிக்கலாமா, போலீசில் புகார் கொடுத்தால் காலி செய்ய வைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூட்டில் கை வைக்காதீர்கள். வழக்கறிஞர்கள் ஸ்பெசிபிக் ரிலீஃப் ஆக்ட் என்று குறிப்பிடும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: வாடகை உறவு முடிந்துபோன பிறகும் குடியிருப்பவர் வெளியேறாமல் இருந்தால், வீட்டைத் திரும்பப் பெறும் உரிமையுள்ளவர் நீதிமன்ற நடவடிக்கை மூலமாகத் தவிர வேறு எந்த வழியிலும் அந்த உரிமையை நிறைவேற்றிக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தவருக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், இன்னும் எட்டு மாதம் மிச்சமிருக்கும் உங்கள் வாடகைதாரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. "வாடகை தவறினால் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம்" என்ற வாசகம் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். கடைகளில் கிடைக்கும் அச்சடித்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அந்த வாசகம் இந்தப் பிரிவை மீறி நிற்காது. மின்தூக்கிக்கும் வாயிற்கதவுக்குமான அக்சஸ் கார்டைச் செயலிழக்கச் செய்வதும் என் பார்வையில் பூட்டை மாற்றுவதற்குச் சமம்தான். பூட்டி வெளியே நிறுத்தப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போய் மீண்டும் உள்ளே வரும் உத்தரவையும், அதோடு இழப்பீட்டையும் கேட்கலாம். பணம் தர வேண்டியவர் வாதியாகவும், பணம் வர வேண்டிய நீங்கள் பிரதிவாதியாகவும் நிற்கும் நிலை அப்படித்தான் உருவாகிறது.

மின்சாரம், தண்ணீர் பற்றி அந்தப் பிரிவில் நேரடியாக எதுவும் இல்லாததால், அது அனுமதிக்கப்பட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் கணக்கு வாடகைதாரரின் பெயரில் இருந்து, அவர் பில் கட்டாமல் அவர்களே துண்டித்தால், அது அவருக்கும் தெனாகாவுக்கும் இடையிலான விஷயம். கணக்கு உங்கள் பெயரில் இருந்து, வாடகை வரவில்லை என்பதற்காக நீங்கள் மீட்டர் பெட்டியைத் திறந்து இணைப்பைப் பிடுங்குவது வேறு. நீதிமன்றத்தைத் தவிர்த்துவிட்டு மறைமுகமாக வெளியேற்றப் பார்த்தார் என்ற வாதத்துக்கு அது இடம் கொடுக்கும். துண்டிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், குழந்தைகளோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் இதைச் செய்துவிட்டு நீதிபதி முன் நிற்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

போலீஸ் உதவாது. வாடகை பாக்கி உரிமையியல் விவகாரம். நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றுதான் நிலையத்தில் சொல்வார்கள். மிரட்டல், பொருள் சேதம், நீங்கள் பொருத்திக் கொடுத்த ஏர்கோனைக் கழற்றி விற்றுவிட்டது போன்றவை இருந்தால் மட்டும் புகாருக்குப் பொருள் உண்டு.

இனி செய்யக்கூடியதைப் பார்ப்போம். மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப்போவதாக வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசி வந்திருக்கிறது. இதை எழுதும்வரை அது நடைமுறைக்கு வரவில்லை. வீடு வாங்குவோருக்கு இருப்பது போன்ற எளிய தீர்ப்பாயம் வாடகைத் தகராறுக்குக் கிடையாது. எனவே உங்கள் உரிமைகள் ஒப்பந்தச் சட்டம், ஸ்பெசிபிக் ரிலீஃப் ஆக்ட், 1951-ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் ஆக்ட், 1956-ஆம் ஆண்டின் சிவில் லா ஆக்ட், நிலச் சட்டத் தொகுப்பு என்று அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடக்கின்றன. இவற்றை எந்த வரிசையில் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் காரியமே இருக்கிறது. நியாயம் முழுவதும் வீட்டுக்காரர் பக்கம் இருந்தும் வழக்கு இழுபடுவதற்குக் காரணம், பெரும்பாலும் வாடகை உறவு எந்தத் தேதியில் முடிந்தது என்பதை அவரால் காட்ட முடியாமல் போவதுதான்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அது முத்திரையிடப்பட்டதா? 1949-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, உரிய முத்திரை வரி செலுத்தாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. கையெழுத்தான 30 நாளுக்குள் செலுத்தியிருக்க வேண்டும். தவறியிருந்தால் இப்போதும் அபராதத்தோடு உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் செலுத்தலாம். உங்கள் வாடகை அளவுக்கு வரி சொற்பம்தான், வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். நம்மவர்களிடையே "கோயில்ல பழக்கம், நம்ம ஆளுதானே" என்று தாளே இல்லாமல் சாவியைக் கொடுத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. அப்படிக் கொடுத்தவர்களுக்கும் உரிமை இல்லாமல் போய்விடாது; வாய்மொழி வாடகையும் வாடகைதான். வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல், ரசீது ஆகியவற்றைக் கொண்டு அதை நிரூபிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அத்தகைய மாதாந்திர வாடகையை முடிக்கப் பொதுவாக ஒரு முழு மாத முன்னறிவிப்பு தேவை. எழுத்து ஒப்பந்தம் காலாவதியாகி, புதுப்பிக்காமலேயே வாடகை வாங்கிக்கொண்டிருப்பவர்களும் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருக்கிறார்கள்.

அடுத்து பாக்கிக் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். மார்ச் 1,400, ஏப்ரலில் வந்த 600 போக 800, மே 1,400, ஜூன் 1,400, மொத்தம் 5,000 வெள்ளி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே வங்கி அறிக்கையின் தேதி இருக்கட்டும். அந்த 600 வெள்ளியை எந்த மாதத்துக்கு வரவு வைத்தீர்கள் என்பதையும் ஒரே மாதிரி எழுதுங்கள். கடிதத்தில் மார்ச் மாதத்துக்கும் வழக்கு மனுவில் ஏப்ரல் மாதத்துக்கும் கழித்திருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள அது போதும். "டெப்பாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாடகைதாரர் சொன்னால், ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதை அனுமதிப்பதில்லை. வழக்கம்போல் இரண்டு மாத வைப்புத்தொகையும் அரை மாத மின்சார, தண்ணீர் வைப்புத்தொகையும் வாங்கியிருந்தீர்கள் என்றால் உங்களிடம் 3,500 வெள்ளி இருக்கிறது. பாக்கி ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டது. வீட்டுச் சேதத்துக்கும் நிலுவை பில்களுக்கும் இனி ஒன்றும் மிஞ்சாது.

இதன் பிறகு கோரிக்கைக் கடிதம். பாக்கித் தொகை, செலுத்த வேண்டிய கடைசி நாள், செலுத்தாவிட்டால் ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமையைப் பயன்படுத்தப்போவதாக எச்சரிக்கை, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். அவகாசம் எத்தனை நாள் என்பதை ஒப்பந்தமே சொல்லியிருக்கும். 7 நாள் அல்லது 14 நாள் என்று எழுதியிருப்பதைப் பரவலாகப் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் 14 நாள் என்றிருக்க, கோபத்தில் மூன்று நாளில் காலி செய் என்று எழுதினால் அந்தக் கடிதம் உங்களுக்கே எதிரான சான்றாகிவிடும். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு, ஒப்பந்தம் சொல்லும் முறையில், பெறுநர் கையொப்ப அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, நீல நிறக் குறி விழுந்த திரையைப் படமெடுத்து வையுங்கள். தபால் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். திறக்காத அந்த உறையும் சான்றுதான்.

இந்த இடத்தில் உங்கள் முன் இரண்டு பாதைகள் பிரிகின்றன. பலர் இரண்டிலும் ஒரே சமயத்தில் நடக்கப் பார்த்துச் சிக்கிக்கொள்வதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, டிஸ்ட்ரெஸ் ஆக்டின் கீழ் ஜப்தி வாரண்ட். வாடகைதாரருக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலே நீதிமன்றத்தில் மனு செய்யலாம். மனு செய்யும் நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் வரையிலான வாடகை பாக்கிக்கு வாரண்ட் கிடைக்கும். நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் ஊழியரான பெய்லிப் வந்து வீட்டிலுள்ள அசையும் பொருள்களைப் பட்டியலிட்டுக் கைப்பற்றுவார். கொடுக்கப்பட்ட அவகாசத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அவை ஏலத்துக்குப் போகும். உடுத்தும் துணிமணி, படுக்கை போன்ற சிலவற்றைத் தொட முடியாது. வியாபாரக் கடைகளில் இந்த வழி நன்றாக வேலை செய்கிறது. சரக்கும் இயந்திரமும் ஏலம் போகப்போகிறது என்றதும் பணம் எங்கிருந்தோ வந்துவிடும். குடியிருப்பு வீட்டில் நிலைமை வேறு. உங்கள் வீட்டைச் சோபா, கட்டில், குளிர்பதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றோடும் விட்டிருந்தால், பெய்லிப் பார்க்கும் பொருள்களில் பாதிக்கு மேல் உங்களுடையவை. மிச்சமிருக்கும் தொலைக்காட்சியும் தவணையில் வாங்கியதாக இருந்தால், இன்னொருவர் உரிமை கோரி வந்து நிற்பார். ஆகவே உங்களைப் போன்றவர்களுக்கு இது அரிதாகவே பயன்படும் என்பது என் கருத்து.

இன்னொன்று, ஒப்பந்தத்தை முடித்து வீட்டையே திரும்பக் கேட்பது. ஜப்தி என்பது வாடகை உறவு இன்னும் நீடிக்கிறது என்ற அடிப்படையில் நிற்பது. வெளியேற்றும் வழக்கோ அந்த உறவு முடிந்துவிட்டது என்ற அடிப்படையில் நிற்பது. எனவே ஜப்தி வேண்டுமென்றால் அதை முதலில் முடித்துக்கொண்டு, பிறகு ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும். முடித்தாயிற்று என்று கடிதம் அனுப்பிவிட்டுப் பின்னால் ஜப்திக்குப் போனால் இரண்டும் ஒன்றையொன்று அறுக்கும்.

ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதம் தனியாக இருக்க வேண்டும். கோரிக்கைக் கடிதத்தின் அவகாசம் தீர்ந்த பிறகே அனுப்ப வேண்டும். "இன்ன தேதியோடு வாடகை ஒப்பந்தம் முடிக்கப்படுகிறது, இன்ன தேதிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கவும், அதன்பின் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இரட்டை வாடகை கோரப்படும்" என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதுங்கள். இரட்டை வாடகை வெறும் மிரட்டல் வார்த்தை என்று நினைக்க வேண்டாம். சிவில் லா ஆக்டின் 28-ஆவது பிரிவு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தங்கியிருப்பவரிடம் வீட்டை ஒப்படைக்கும் நாள்வரை இரட்டை வாடகை கேட்கும் உரிமையை வீட்டுக்காரருக்குத் தருகிறது. உங்கள் வீட்டுக்கு அது மாதம் 2,800 வெள்ளி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 93 வெள்ளி. அதை வழக்கு மனுவில் கேட்டாக வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது. தங்குவதற்குத் தனக்கு உரிமை உண்டு என்று வாடகைதாரர் நியாயமான காரணத்தோடு நம்பியிருந்தால் அது மறுக்கப்படவும் கூடும்.

முடிக்கும் கடிதம் போன பிறகு, மனம் இளகி அல்லது கைச்செலவுக்கு ஆகட்டும் என்று அவர் அனுப்பும் 1,400 வெள்ளியை "ஜூலை வாடகை" என்று ரசீது போட்டு வாங்கிவிட்டால், ஒப்பந்தத்தை மீண்டும் உயிர்ப்பித்துவிட்டீர்கள் என்று வாதிட அவருக்கு வழி திறந்துவிடுகிறது. வங்கிக் கணக்கில் தானாக விழும் பணத்தை உங்களால் தடுக்க முடியாது. அன்றைக்கே, "இத்தொகையைப் பழைய பாக்கிக்கும், ஒப்பந்தம் முடிந்தபின் வீட்டில் தங்கியிருப்பதற்கான இழப்பீட்டுக்குமாக மட்டுமே, எங்கள் உரிமைகளைக் கைவிடாமல் ஏற்கிறோம்" என்று எழுத்தில் பதில் அனுப்பிவிடுங்கள்.

காலி செய்யவில்லை என்றால் வழக்கு. பாக்கிப் பணம் மட்டும்தான் கேட்கிறீர்கள் என்றால் 100,000 வெள்ளி வரை மேஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கேட்கலாம். வீட்டையும் திரும்பக் கேட்கும்போது பொதுவாக செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போவார்கள். வீட்டுக்காரர்-வாடகைதாரர் வழக்குகளில் அதற்குத் தொகை வரம்பு இல்லை. உங்களுக்கு அது ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம். பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட், பெருநிலத்தில் இருப்பவர்களுக்குப் பட்டர்வொர்த் அல்லது புக்கிட் மெர்தாஜாம். சம்மன் கிடைத்த பிறகு வாடகைதாரர் 14 நாளுக்குள், வழக்கை எதிர்கொள்ள வருகிறேன் என்று தெரிவிக்கும் ஆஜர் ஆவணத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அவர் வராவிட்டால் எதிர்ப்பில்லாத தீர்ப்பு கேட்கலாம். வந்தும் சொல்லத்தக்க எதிர்வாதம் இல்லையென்றால், முழு விசாரணை இல்லாமலே சுருக்கத் தீர்ப்பு கேட்கலாம். சம்மனை வாங்காமல் ஒளிந்துகொண்டால், கதவில் ஒட்டியும் நாளிதழில் விளம்பரம் கொடுத்தும் சேர்ப்பிக்க நீதிமன்றம் அனுமதிக்கும். எதிர்ப்பு இல்லாத வழக்கு சில மாதங்களில் முடியும். வீட்டில் ஒழுகல், பழுது, வாய்மொழி வாக்குறுதி என்று எதிர்வழக்கு கிளம்பினால் ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. அத்துமீறிக் குடியேறியவர்களை வேகமாக வெளியேற்ற நீதிமன்ற விதிகளின் 89-ஆவது ஆணை இருக்கிறது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். ஒப்பந்தம் முடிந்தும் தங்கியிருக்கும் வாடகைதாரரை அந்த ஆணை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது.

தீர்ப்பு கையில் வந்துவிட்டது என்பதற்காகவும் நீங்களே போய்க் கதவைத் திறக்க முடியாது. ரிட் ஆஃப் பொசெஷன் எனப்படும், வீட்டைக் கைப்பற்றி ஒப்படைக்கும் உத்தரவுக்கு, வீட்டில் இருப்பவர்களுக்கு அறிவித்து, நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். பிறகு பெய்லிப் தேதி குறித்து வந்து வீட்டை உங்களிடம் ஒப்படைப்பார். அன்றைக்குப் பூட்டு வேலைக்காரரை நீங்கள் அழைத்துப் போகலாம். அன்றைக்கு மாற்றும் பூட்டுதான் சட்டப்படி மாற்றும் பூட்டு. பணத் தீர்ப்புக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி உண்டு. பொருள் ஜப்தி, வங்கிக் கணக்கை முடக்குதல், கடனாளியை நீதிமன்றத்துக்கு அழைத்துத் தவணை விதித்தல் ஆகிய வழிகளில் வசூலிக்கலாம். தீர்ப்பு 12 ஆண்டு செல்லும். திவாலாக்கிவிடுவேன் என்ற மிரட்டலுக்கு 5,000 வெள்ளிக் கடனில் அர்த்தமில்லை. அதற்குக் கடன் 100,000 வெள்ளியை எட்ட வேண்டும்.

பினாங்கிலிருந்து எழுதும் சிலர், பழைய வாடகைதாரரை அசைக்கவே முடியாது என்று நம்புகிறார்கள். அது 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்து நிலை. 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு, குறிப்பாக ஜார்ஜ்டவுன் கடைவீடுகளுக்கு, அது கவசமாக இருந்தது. 1997-இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. இடைக்காலம் 1999 இறுதியோடு முடிந்தது. இன்று லெபோ பசாரில் உள்ள பழைய வீட்டுக்கும் பாயான் லெப்பாசில் உள்ள புது அடுக்ககத்துக்கும் இந்த விஷயத்தில் ஒரே சட்டம்தான்.

என் நேர்மையான யோசனை கேட்டால், முடிக்கும் கடிதத்தை அனுப்பிய கையோடு ஒரு சமரசத்தையும் முன்வையுங்கள். 5,000 வெள்ளிக்காக வழக்கறிஞர் கட்டணம், பல மாத வாடகை இழப்பு, வங்கித் தவணை எல்லாவற்றையும் சுமப்பதைவிட, மூன்று வாரத்தில் வீட்டைச் சுத்தமாக ஒப்படைத்தால் 2,000 வெள்ளியைத் தள்ளுபடி செய்கிறேன், மீதியை வைப்புத்தொகையில் சரிசெய்துகொள்ளலாம் என்பது பெரும்பாலும் மலிவாக முடியும். வேலை போன குடும்பம் என்றால் அவர்களுக்கும் அது மரியாதையான வழி. ஆனால் எழுத்தில் செய்யுங்கள்: வெளியேறும் தேதி, தள்ளுபடி எந்த நிபந்தனைக்கு உட்பட்டது, தவறினால் முழுப் பாக்கியும் மீண்டும் உயிர்பெறும் என்பது, இருவர் கையொப்பம். சாவியை வாங்கும் நாளில் மின்சார, தண்ணீர் மீட்டர் எண்களைக் குறித்து, "வீட்டை இன்று மனமுவந்து ஒப்படைக்கிறேன்" என்று ஒரு தாளில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தானாக ஒப்படைத்தவருக்கு எதிராக நீதிமன்ற உத்தரவு தேவைப்படாது.

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். தொலைபேசி அணைந்திருக்கிறது, பக்கத்து வீட்டார் இரவோடு இரவாகப் போய்விட்டார்கள் என்கிறார்கள் என்ற நிலை. வீடு முற்றிலும் காலியாகி, சாவியும் தபால் பெட்டியில் கிடந்தால் ஒப்படைத்துவிட்டதாகவே கொள்ளலாம்; அப்போதும் கதவில் அறிவிப்பை ஒட்டி, போலீசில் தகவல் புகார் ஒன்றைப் பதிந்து, நிர்வாக அலுவலகத்தார் ஒருவரைச் சாட்சியாக வைத்துக் காணொளி எடுத்தபடி உள்ளே போங்கள். உள்ளே துணிகளும் சமையல் பாத்திரங்களும் அப்படியே இருந்தால் அவர் திரும்பி வரக்கூடும். அங்கே நான் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் நுழைய மாட்டேன். பெய்லிப் வந்து போன பிறகு மிஞ்சும் பொருள்களையும் உடனே குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பட்டியலிட்டு, இன்ன தேதிக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் அகற்றப்படும் என்று அவரது கடைசி முகவரிக்கும் வாட்ஸ்அப்புக்கும் அறிவித்து, நியாயமான அவகாசம் வரை ஓர் அறையில் பூட்டி வையுங்கள். அடையாள ஆவணங்கள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் இருந்தால் அவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்து, கேட்டு வரும்போது பாக்கியைக் காரணம் காட்டாமல் கொடுத்துவிடுங்கள்.